முதிய குரலின் இடம்

நாட்டுப்புறப் பாடகருக்குப் பிற்காலம் என்று ஒன்று உண்டா? கவிஞனுக்கு உண்டென்று ஒப்புக்கொள்கிறோம். சங்கீத வித்வானின் கடைசிக் கச்சேரிகளைப் பற்றி ரசிகர்கள் வாதாடுகிறார்கள். கிராமத்துப் பாடகியின் விஷயத்தில் மட்டும் இந்தக் கேள்வியே நம்மிடையே எழுந்ததில்லை.

அமெரிக்க நாட்டுப்பாடகர் ஜானி கேஷை, 1958 முதல் அவர் பாடிவந்த கொலம்பியா கம்பெனி 1986-இல் கைவிட்டது. பிறகு ரிக் ரூபின் — ராப் இசைத்தட்டுகள் தயாரித்துப் பெயர் பெற்ற இளைஞர் — தம் வீட்டுக் கூடத்திலேயே அவரை கிதாருடன் உட்காரவைத்துப் பதிவு செய்தார். பக்கவாத்தியம் கிடையாது. 1994-இல் வந்த அந்த 'அமெரிக்கன் ரிக்கார்டிங்ஸ்' தட்டில் 13 பாட்டுகள்: பழையவை, அவரே எழுதியவை, அவரைவிட மிக இளையவர்கள் எழுதியவை. அப்போது அவருக்கு 62 வயது. குரலின் தேய்வை மறைக்கவில்லை. அதுவே அத்தட்டின் அர்த்தமாயிற்று.

ஏறக்குறைய அதே வயதில்தான் கொல்லங்குடி கருப்பாயி சினிமாவுக்கு வந்தார். சிவகங்கைச் சீமையில் வயற்காட்டில் பாடி, வானொலியிலும் பாடிவந்தவர். 1985-இல் பாண்டியராஜன் 'ஆண்பாவம்' படத்தில் அவரைப் பாட்டியாக நடிக்கவைத்தார், பாடவும் வைத்தார். படம் ஓடியது, பெயரும் பரவியது. 2003-இல் 'தூள்' படம் வழியாகப் பரவை முனியம்மாவுக்கும் இதுவே நடந்தது. இருவருக்கும் சினிமா நன்மைதான் செய்தது. ஆனால் அது கேட்டது ஒரு பாட்டியை, பாடகியை அல்ல.

தாம்பரத்திலிருந்து தினமும் மின்ரயிலில் வங்கி வேலைக்குப் போகிறவன் நான். தெற்கத்தி ரயில்கள் நின்று போகும் ஊர் எங்களுடையது. இதே தடத்தில் சில நிலையங்கள் தள்ளித்தான் கோடம்பாக்கம். தெற்கிலிருந்து வந்த குரல்கள் இந்தக் குறுகிய தூரத்தில் எதை இழந்தன என்று யோசிப்பதுண்டு. இழந்தது தம் பாட்டைத் தாமே தேர்ந்து, தம் வரிசையில் பாடும் உரிமையை என்று எனக்குத் தோன்றுகிறது.

பழியை சினிமாவின்மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' (1964) பெரிய காரியம். அதை மறுப்பவன் இல்லை. ஆனால் அங்கே பல பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. மக்கள் கலை என்று கும்பிட்டதில் மனுஷி காணாமல் போனாள். ஆய்வு பாட்டை எடுத்துக்கொண்டது, சினிமா குரலை எடுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்த ஆள் இருவருக்கும் தேவைப்படவில்லை.

இதற்குப் பணமில்லாமையைக் காரணம் சொல்வது பொய். ஒரு கூடம், ஒரு மைக் — 1994-இன் அந்தத் தட்டுக்குப் பெரும்பாலும் வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேண்டியிருந்த இன்னொன்று, எதிரே இருப்பவர் மரபின் வெறும் ஊதுகுழல் அல்ல, தேர்வும் தீர்ப்பும் உள்ள கலைஞர் என்ற நம்பிக்கை.

கருப்பாயி 2025 ஜூனில் மறைந்தார். 99 வயது. இரங்கல் செய்திகளில் முதலில் வந்தது படத்தின் பெயர்.