டிம்பனிக்குப் போன எஞ்சினியர் மாணவர்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்தவன். “லாரன்ஸ் ஆஃப் அரேபியா” பார்த்துவிட்டு வந்த மறுநாள் எங்கள் முசியே வகுப்பில், “அந்தப் படத்துக்கு இசை போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர், தெரியுமா?” என்றார். அன்றுதான் மொரீஸ் ழார் என்ற பெயரைக் கேட்டேன். அவர் எப்படி இசைக்கு வந்தார் என்பது பணி ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்தது. படித்ததும் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

ழார் 1924இல் லியோன் நகரில் பிறந்தார். பாரீசில் சொர்போனில் எஞ்சினியரிங் படிக்கச் சேர்ந்தவர், பாதியில் விட்டுவிட்டு இசை படிக்கப் போகிறேன் என்றார். அப்பாவுக்கு இதில் சம்மதமில்லை. மகன் கேட்கவில்லை, கொன்செர்வத்துவாரில் சேர்ந்துவிட்டார். ஆனால் பியானோவோ வயலினோ கற்கும் வயது கடந்திருந்தது. ஐந்தாறு வயதில் தொடங்கியவர்களோடு இருபது வயதுக்காரர் எப்படிப் போட்டி போடுவது? அதனால் தாள வாத்தியங்களை எடுத்துக்கொண்டார். டிம்பனி என்றால் நம் ஊர் நகரா மாதிரி, செம்புக் கொப்பரைமேல் தோல் கட்டிய பெரிய முரசு.

எனக்கும் பதினைந்து வயதில் மிருதங்கம் கற்க ஆசை. “தாளம் போட்டா சோறு வருமா?” என்றார் அப்பா. நான் அவர் பேச்சைக் கேட்டேன். எழுத்தராகச் சேர்ந்து, ஆங்கிலக் கோப்புகளோடு மல்லுக்கட்டி, அப்படியே ஓய்வும் பெற்றேன்.

ழாருக்கும் சோறு உடனே வந்துவிடவில்லை. ழான் லூயி பரோவின் நாடகக் குழுவில் வாத்தியம் வாசித்தார். பிறகு ழான் விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்கத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் போல இசைப் பொறுப்பு. அவிஞோன் நாடக விழாவில் ரசிகர்களை உள்ளே அழைக்க அவர் எழுதிய எக்காள முழக்கம் இன்றும் ஒலிக்கிறது. நாடகம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம் என்பேன். எங்கே வாசிக்க வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது அங்கேதான் படிந்திருக்கும்.

1952இல் ழார்ழ் பிரான்ழு எடுத்த ஒரு குறும்படத்தோடு சினிமாவுக்கு வந்தார். பத்து ஆண்டு கழித்து “லாரன்ஸ்”. அதற்கு முதலில் கச்சதூரியன், பிரிட்டன் போன்ற பெரிய பெயர்களைத்தான் யோசித்தார்கள். அடுத்து அமெரிக்காவின் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் வந்தார். அவர் மெட்டுகள் இயக்குநர் டேவிட் லீனுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் முழுப் பொறுப்பும் ழார் தலையில் விழுந்தது. சுமார் இரண்டு மணி நேர இசைக்குக் கையில் இருந்தது ஆறு வாரம். அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. பிறகு “டாக்டர் ஷிவாகோ”வுக்கும், பெங்களூர்ப் பக்கமெல்லாம் படமெடுத்த “எ பாசேஜ் டு இந்தியா”வுக்கும். மூன்றுமே லீன் படங்கள்.

இதற்கு வீட்டில் கொடுத்த விலையும் உண்டு. மகன் ழான் மிஷேல் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் பிரிந்தது. அப்பா அமெரிக்கா போய்விட்டார். அந்த மகனும் பின்னாளில் மின்னணு இசையில் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அப்பா பக்கத்தில் இல்லாத குறை அவருக்கு வெகுகாலம் இருந்தது. இதைப் படித்தபோது என் பொறாமை பாதி குறைந்தது.

ழார் 2009இல் மறைந்தார்.

போன வாரம் பேரன் தன் போனில் “லாரன்ஸ்” முகப்பிசையைப் போட்டுக் காட்டினான். படம் தொடங்குமுன் திரை இருட்டாக இருக்கும்போது வரும் இசை அது. முதலில் இடிப்பது டிம்பனி. மற்ற வாத்தியங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

“தாத்தா, ஏன் மேசையைத் தட்டுறீங்க?” என்றான் பேரன்.