வல்லாரைக்குப் புதுச்சேரியில் வைத்த பெயர்

முகச் சுருக்கத்துக்கு இப்போது விற்கும் களிம்புகளின் உறையில் ‘சிக்கா’ என்றோ ‘சென்டெல்லா’ என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொரியாவிலிருந்து வந்த புது மருந்து என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அது வேறொன்றுமில்லை, வாய்க்கால் ஓரத்தில் படரும் நம் வல்லாரைதான். அதை ஐரோப்பிய வேதியியல் முறையில் முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் புதுச்சேரியில் வேலை பார்த்தவர். அந்தக் கதை இங்கே அதிகம் பேருக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

கதை மொரீஷியஸ் தீவில் தொடங்குகிறது. அங்கே புவாலோ என்ற மருத்துவர் இருந்தார். அவருக்கே தொழுநோய். அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோய் கண்டவரை ஊரை விட்டு ஒதுக்கிவைப்பது மட்டும்தான் வழக்கம். 1852-இல் அவர் வல்லாரையைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். குணம் தெரிகிறது என்ற செய்தி கப்பல் வழியே பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கெல்லாம் பரவியது.

புதுச்சேரியில் அப்போது ழூல் லெப்பீன் என்பவர் பிரெஞ்சுக் கடற்படையின் மருந்தாளுநராக இருந்தார். அவர் வல்லாரையைக் காயவைத்து, அதன் சத்தைப் பிரித்து, 1855-இல் பாரிஸ் மருந்தியல் இதழில் கட்டுரை வெளியிட்டார். காய்ந்த செடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எண்ணெய் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘வெல்லாரின்’. மொர்ஃபீன், கினீன், கஃபேயீன் என்று மருந்துச் சத்துகளுக்கு ‘ஈன்’ விகுதி சேர்ப்பது அக்காலப் பிரெஞ்சு வேதியியலின் வழக்கம். பிரெஞ்சில் படித்த எனக்கு அந்த விகுதி உடனே பிடிபட்டது. முன்பகுதி எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாவரத்துக்கு லத்தீன் பெயர் இருந்தும், இங்குள்ள மக்கள் சொன்ன பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். 1874-இல் ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் லண்டனில் வெளியிட்ட ‘ஃபார்மகோகிராஃபியா’ என்ற பெரிய மருந்து நூலும் இந்தப் பெயர் தமிழிலிருந்து வந்தது என்று குறித்திருக்கிறது.

அதே 1855-இல் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹன்டர் வல்லாரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இதைத் தொழுநோய்க்கென்று உள்ள தனி மருந்தாகச் சொல்ல முடியாது, நோயாளியின் உடல்நிலையை ஓரளவு தேற்றுகிறது என்பது அவர் கண்ட முடிவு. பரபரப்பு அடங்கியது. தொழுநோய்க்கு உண்மையான மருந்து 1940-களில் சல்போன் வகை மருந்துகளாகத்தான் வந்தது.

ஆனால் வல்லாரையைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிடவில்லை. 1941-இல் போன்தாம் என்பவர் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து ஏஷியாட்டிகோசைட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். பியேர் புவாத்தோ என்ற தாவரவியலாளரும் அவரோடு சேர்ந்த வேதியியலாளர்களும் ஆய்வைத் தொடர்ந்தார்கள். இதே செடியிலிருந்து கிடைத்த இன்னொரு பொருளுக்கு மதேகாசோசைட் என்று பெயர். ‘மதேகாஸ்’ என்பது மடகாஸ்கர் மக்களைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். ஆக ஆசியாவின் பெயரும் மடகாஸ்கரின் பெயரும் நிலைத்துவிட்டன. லெப்பீன் வைத்த தமிழ்ப் பெயர் மட்டும் வழக்கொழிந்தது.

வல்லாரை தொழுநோயை ஒழிக்காவிட்டாலும் புண்ணை ஆற்றும் என்பது உறுதிப்பட்டது. ‘மதேகசோல்’ என்ற களிம்பு இப்படித்தான் வந்தது. பிரான்சில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதைப் பார்த்திருக்கலாம். ஏன் ஆற்றுகிறது என்பதற்கு 1990-இல் ரேம்ஸ் நகரில் மக்கார் குழுவினர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். வல்லாரைச் சத்து பட்ட தோல் செல்கள் கொலாஜனைக் கூடுதலாக உண்டாக்கின. கொலாஜன் என்பது தோலைத் தாங்கி நிறுத்தும் புரதம். வயது ஏறும்போது குறைவதும் அதுதான். புண் மருந்து முகச் சுருக்கத்துக்கு வந்த வழி இதுவே.

சுருக்கத்துக்கு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ. அதன் நெருங்கிய உறவான ட்ரெட்டினாயின் வெயிலில் முதிர்ந்த தோலைச் சீராக்குகிறது என்று 1986-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் காட்டினார்கள். பலன் உண்மை. ஆனால் எரிச்சல், செதில் உரிதல், சிவப்பு ஆகியவையும் உண்மை. எழுபது வயதுத் தோல் மெலிந்து வறண்டது. பலருக்கு அது தாங்காது. அதனால்தான் செடிகளில் மாற்றுத் தேடுகிறார்கள்.

வல்லாரையைப் பொறுத்தவரை, 2008-இல் பிரான்சில் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 பெண்கள் ஆறு மாதம் 5 விழுக்காடு வைட்டமின் சி-யும் 0.1 விழுக்காடு மதேகாசோசைடும் கலந்த களிம்பைப் பூசினார்கள். தோலின் உறுதியும் மென்மையும் கூடின. ஆனால் இரண்டு பொருளும் சேர்ந்திருந்ததால் வல்லாரையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ரெட்டினாலோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கப்பட்ட செடி வேறொன்று. அதுவும் நமக்குப் பழக்கமானது. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசி. 1966-இல் மேத்தா, நாயக், சுக் தேவ் ஆகிய இந்திய வேதியியலாளர்கள் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, வடமொழிப் பெயரான பாகுச்சியைக் கொண்டு ‘பாகுச்சியால்’ என்று பெயரிட்டார்கள். 2019-இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 44 பேர் 12 வாரம் கலந்துகொண்டார்கள். ஒரு சாராருக்கு 0.5 விழுக்காடு பாகுச்சியால் தினம் இருவேளை, மற்றவர்களுக்கு அதே அளவு ரெட்டினால் ஒருவேளை. சுருக்கமும் கருமையும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. செதிலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் அதிகம். 44 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அந்த விதையில் சோரலென் என்ற பொருளும் உண்டு. 1933-இலேயே அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். சோரலென் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருப்பும் வரும். வெண்படைக்கு மருத்துவர்கள் அதை அளந்து பயன்படுத்துவது இந்தக் குணத்துக்காகத்தான். கடையில் விற்கும் நல்ல பாகுச்சியாலில் சோரலெனை நீக்கியிருப்பார்கள். வீட்டு அம்மியில் அதை நீக்க முடியாது. வல்லாரைக் களிம்பும் சிலருக்கு அரிப்புக் கொடுப்பதுண்டு. எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டு போவது நல்லது. வெயிலுக்குக் குடை பிடிப்பதை எந்தக் களிம்புக்காகவும் நிறுத்த வேண்டாம்.

புவாலோ அந்த இலையிடம் கேட்டது உயிர் வாழும் வழியை. நாம் கேட்பது இரண்டு சுருக்கம் குறைவதை. அன்று சென்னையில் ஹன்டர் செய்ததைப் போல, இலை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என்று பிரித்துப் பார்த்து எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. மற்றபடி, வல்லாரைத் துவையலுக்கு மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை.