துரையின் மோட்டார் சைக்கிளும் தோட்டத்துப் பாதையும்

சித்திரை பிறந்தால் நுவரெலியாவுக்கு 'வசந்த காலம்' என்பது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பழக்கங்களுள் ஒன்று. அந்த நாள்களில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து மோட்டார் சைக்கிள்களில் மலையேறுகின்றனர். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அண்ணன் மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். "சித்தப்பா, நாங்கள் பன்னிரண்டு பேர் மோட்டார் சைக்கிளிலை நுவரெலியா போறம். எந்தப் பாதை திறம்?"

கண்டி வழியாகப் போனால் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என ஏறலாம். அல்லது நாவலப்பிட்டி, கினிகத்தேனை கடந்து ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று சுற்றலாம். பதில் அவ்வளவுதான். ஆயினும் தொலைபேசியை வைத்த பிறகு, அந்தப் பாதைகள் எப்படி வந்தன என்பதையும் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. பழைய செய்தியாளனுக்கு இது ஒரு நோய்.

கண்டிக்கு வீதி அமைத்தது 1820களில், ஆளுநர் எட்வேட் பான்ஸ் காலத்தில். அன்று மண் சுமந்தவர்கள் 'இராசகாரியம்' என்ற கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். 1830களின் தொடக்கத்தில் அந்த ஊழியம் ஒழிக்கப்பட்ட பின்னர், வீதி வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து ஆள்கள் திரட்டப்பட்டு 'பயனியர்' படைப்பிரிவுகள் உருவாயின. மலைநாட்டு வீதிகளின் பெயரோடு தோமஸ் ஸ்கின்னர் என்ற பொறியியலாளரின் பெயரை வரலாற்று நூல்கள் சேர்த்தே சொல்லும். பாறையை உடைத்தவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. 1848இன் வீதிச் சட்டம் ஆண்களிடம் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலையோ அதற்கீடான பணமோ கேட்டது. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

கோப்பி மூட்டைகளை ஏற்றிய மாட்டு வண்டிகள் ஏறியிறங்க வேண்டும் என்பதற்காகவே மலையைச் சுற்றிச் சுற்றி அந்தப் பாதைகள் வளைக்கப்பட்டன. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்தது. வண்டிகள் மறைந்தன, வளைவுகள் இருந்தபடியே இருந்துவிட்டன. மாட்டின் வேகத்துக்கு வெட்டிய வளைவில் எதிரே வருவது எதுவென்று முன்கூட்டித் தெரிய வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று மணிக்கு அறுபது கிலோமீற்றரில் வருபவனுக்கு அந்தத் தேவை உண்டு.

தோட்டத்து மக்கள் மோட்டார் சைக்கிளை முதலில் அறிந்தது துரையின் வாகனமாகத்தான். பெரிய துரைக்குக் கார், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள். பிஎஸ்ஏ, நோட்டன், ட்றையம்ப் என்ற பெயர்கள் எழுத்தறியாத முதியவர்களின் வாயிலும் புழங்கின. சத்தத்தை வைத்தே எந்தத் துரை எந்த மலைக்கு வருகிறார் என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். துரை வரும்போது பாதையை விட்டு ஓரம் நிற்க வேண்டும், குடையை மடக்க வேண்டும் என்பது பல தோட்டங்களில் எழுதாத விதி. தாங்களே வெட்டிய பாதையில் தாங்களே ஒதுங்கி நின்ற அந்தச் சங்கதியைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் லிந்துலைப் பக்கத்து லயமொன்றில் ஓர் ஓய்வுபெற்ற தொழிலாளி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரைமாரின் பொழுதுபோக்கும் அதே மலைகளில்தான். நுவரெலியாவின் மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. ஒவ்வொருவராகப் புறப்பட்டு உச்சியை அடைய எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவது அதன் முறை. அன்று பாதை மூடப்பட்டிருக்கும், எதிரே எவரும் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட ஏற்பாடுகளிலும் விபரீதம் நேரும் என்பதற்கு 2024 ஏப்ரல் 21 சாட்சி. தியத்தலாவை 'பொக்ஸ் ஹில்' பந்தயத்தில் தடம் விலகிய கார் பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்து 7 உயிர்களைப் பறித்தது. கூட்டுப் பயணமோ திறந்த வீதியில் நடப்பது. அங்கே நேரக் கணக்கு வைப்பவன் தன்னையறியாமலே பந்தயக்காரன் ஆகிவிடுகிறான்.

வடக்கின் கதை வேறு. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பத்துத் தமிழ் இளைஞர்கள் வரிசையாக மோட்டார் சைக்கிளில் கண்டிக்குப் போவதென்பது அன்று கற்பனைக்கும் எட்டாதது. 2009இல் போர் முடிந்த பின்னரே அது கைகூடியது. 2022 எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டபோது மீண்டும் தடைப்பட்டது. ஆகவே இந்தப் பிள்ளைகளின் பயண ஆசையை வீண் ஆடம்பரமென்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

ஆனால் மலை எவருக்கும் சலுகை தருவதில்லை. 2023 ஜனவரி 20 இரவு நானுஓயா றதல்லைக் குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ் ஒரு வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் மாண்டனர். 2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மண்சரிவுகள் மலையகத்தைச் சிதைத்தன. ஒரு வீதியின் நிலையைப் புறப்படும் நாளன்று அந்த ஊராரிடம் கேட்டறிவதே உத்தமம். பழைய வரைபடத்தை நம்பலாகாது.

அண்ணன் மகனுக்கு நான் எழுதி அனுப்பியவை பெரும்பாலும் அனுபவசாலிகள் உலகெங்கும் கடைப்பிடிப்பவை. பன்னிரண்டு பேரும் ஒரே தொடராகப் போகாமல் நான்கு நான்காகப் பிரிந்து, இடையே ஒரு கொழுந்து லொறி முந்திச்சென்று நுழைய இடம் விட வேண்டும். நேர்ப்பாதையில் சற்றே முன்பின்னாக இரு வரிசை, வளைவில் ஒற்றை வரிசை. முன்னே செல்பவன் நிதானமானவனாக இருக்க வேண்டும். அவனுக்கு அடுத்து, புதிதாக ஓட்டப் பழகியவன். கடைசியில் வருபவன் திருத்த வேலை தெரிந்தவன், முதலுதவிப் பெட்டி அவனிடம். சந்தி வந்தால் ஒருவன் நின்று, கடைசி ஆள் வரும்வரை வழிகாட்ட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்க வேண்டும். ஏறும் வாகனத்துக்கு வழிவிடுவது மலைநாட்டு மரியாதை. பிற்பகல் மூடுபனி இறங்குமுன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

இவற்றோடு இன்னொன்றும் எழுதினேன். தோட்டத்துக்குள் பாதையும் முற்றமும் ஒன்றே. லயத்துப் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்கள், பாடசாலைக்கும் அந்த வழியேதான் நடப்பார்கள். 2023இல், மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடந்தே சென்றது. முன்னோர் காடு வழியே நடந்து, நோயிலும் பசியிலும் பலரை வழியில் புதைத்துவிட்டு வந்த பாதை அது. அந்த மக்களின் முற்றத்தில் பன்னிரண்டு ஹோர்ன்களை ஒன்றாக அழுத்தி அவர்களை ஓரத்துக்கு அனுப்பினால், பழைய துரைக்கும் உங்களுக்கும் என்ன வேற்றுமை என்று கேட்டிருந்தேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன் போலும். இரண்டு நாள் பதில் இல்லை.

திரும்பி வந்த பின் அழைத்தான். தலவாக்கலைக்கு அப்பால் காலை ஏழு மணியளவில், கூடைகளோடு பெண்கள் பாதையைக் கடந்துகொண்டிருந்தார்களாம். முன்னே போனவன் கை காட்ட, அவனுடைய நால்வரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசியாகக் கடந்த மூதாட்டி ஒருவர் நின்று, "எந்த ஊரு தம்பிகளா?" என்று கேட்டாராம். யாழ்ப்பாணம் என்றதும், "அம்புட்டு தூரத்துல இருந்தா? பனியா இருக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு மலையேறிப் போனாராம்.