ஃபைவ்பாயின்ட்ஸ்: ஒரே ராத்திரியில் வெள்ளையான கட்டடம்

இந்த எபிசோடுல ஒரு கட்டடத்தோட கதை. கட்டடம் இப்போ இல்லை, பேர் மட்டும் மிச்சம் இருக்கு. அந்தப் பேரை யார் வெச்சிருக்காங்க என்பதுதான் இதில் கசப்பான விஷயம்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஒரு பையனைப் பற்றி எழுதியது. நகரம் முழுக்க ‘டாக்கி 183’ என்று கிறுக்கி வைத்த பையன். டாக்கி அவன் செல்லப்பேர், 183 அவன் குடியிருந்த தெருவின் எண். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான பசங்க மார்க்கரும் ஸ்ப்ரே கேனுமாக ரயில்களில் இறங்கினார்கள். நகர நிர்வாகம் பல வருஷம் மல்லுக்கட்டி, 1989 மே மாதம் கிராஃபிட்டி இருந்த கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து எடுத்தது.

ரயில் போச்சு. ஆனா வரையுற கை சும்மா இருக்குமா? குவீன்ஸ் பகுதியில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். அதன் உரிமையாளர் ஜெர்ரி வோல்காஃப், 90-களில் வெளிச்சுவர்களில் வரைய அனுமதி கொடுத்தார். 2002-ல் ‘மெரெஸ் ஒன்’ என்ற கலைஞர் பொறுப்பேற்று, ‘ஃபைவ்பாயின்ட்ஸ்’ என்று பேர் வைத்தார். நியூயார்க்கின் ஐந்து பெருநகரப் பகுதிகளும் சந்திக்கிற புள்ளி என்று அர்த்தம். பக்கத்திலேயே பாலத்து மேல ஓடுற 7-ஆம் நம்பர் ரயிலில் போறவங்களுக்கு ஜன்னலே கேலரி!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. இது ‘யார் வேணா கிறுக்கலாம்’ இடம் இல்லை. யாருக்கு எந்தச் சுவர், எந்த ஓவியம் நிற்கணும், எதன் மேல் புதுசா வரையலாம், எல்லாத்துக்கும் விதி இருந்தது. சில சுவர்கள் அடிக்கடி மாறும், சில ஓவியங்கள் வருஷக்கணக்கில் நிற்கும்.

அப்புறம் நில விலை ஏறியது. இடிச்சுட்டு அடுக்குமாடி கட்ட உரிமையாளர் முடிவெடுத்தார். கலைஞர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தடை கிடைக்கவில்லை. நீதிபதியின் விரிவான எழுத்துத் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2013 நவம்பர் 19 அதிகாலைக்குள் ஆட்களை விட்டு வெள்ளையடித்துவிட்டார்கள். கட்டடத்தை இடித்ததோ அடுத்த வருஷம்தான்!

கலைஞர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள். 1990-ல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, அங்கீகாரம் பெற்ற ஓவியத்தை அழிப்பதிலிருந்து காப்பாற்றும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. சுவர் யாருடையது என்பது வேறு, ஓவியத்தின் மேல் இருக்கும் இந்த உரிமை வேறு. உரிமையாளர் தரப்பு வாதம் என்ன? “தெரு ஓவியமே தற்காலிகம்தானே, கட்டடம் ஒருநாள் போகும்னு அவங்களுக்கே தெரியுமே?” கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா?

2018 பிப்ரவரியில் நீதிபதி ஃபிரெடரிக் பிளாக் அதை ஏற்கவில்லை. 45 ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர், மொத்தம் 67.5 லட்சம் டாலரை 21 கலைஞர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். கட்டடத்தை இடித்ததற்கான தண்டனை இல்லை இது. அனுமதிகள் வாங்கி, பத்து மாசம் பொறுத்து இடித்திருந்தால் வேணும்னே அழித்ததாகக் கருதியிருக்க மாட்டேன் என்றும் அவரே எழுதினார். அந்த அவகாசம் இருந்திருந்தால் கலைஞர்கள் தங்கள் ஓவியங்களை ஒழுங்காகப் படமாவது எடுத்து வைத்திருப்பார்கள். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சென்ட்ரல் பார்க்கில் 2005-ல் இரண்டு வாரம் மட்டும் நின்ற ‘தி கேட்ஸ்’ கலைப்படைப்பையும் உதாரணம் காட்டியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான்: ஒன்று தற்காலிகமாக இருப்பதால், அது கேட்பாரற்றது ஆகிவிடாது. ஒரு கலைஞரின் ஓவியத்து மேல இன்னொரு கலைஞர் வரைந்தால், அந்தச் சுவரின் கதை தொடருது. ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் வெள்ளையடிச்சா, கதையே முடியுது.

இப்போ அந்தப் பேருக்கு வருவோம். அதே இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு என்ன பேர் தெரியுமா? ஃபைவ்பாயின்ட்ஸ். ஓவியங்களை வேண்டாம் என்று அழித்தவர்களே, அந்த ஓவியங்கள் சம்பாதித்த பேரைப் போட்டு வீடு வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு ஊரின் அடையாளத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அவங்களுக்கும் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

நீங்க தினமும் கடந்து போற சுவர் எது? அடுத்த முறை போகும்போது ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்!