சுட்டிச் சில்லு
கணினிச் சுட்டியின் இரு பொத்தான்களுக்கு நடுவிலுள்ள உருளும் சக்கரம்; அழுத்தினால் மூன்றாவது பொத்தான். 1996இல் மைக்ரோசொஃப்ட்டின் இன்டெலிமவுஸ் வந்தபின் பரவலாயிற்று.

சில்லு ஒரு படி நகர்ந்தால் விண்டோஸ் அதை 120 என்ற அளவாக மென்பொருளுக்கு அறிவிக்கும். அதற்குப் பொருள் கொள்வது மென்பொருளின் விருப்பம், தொல்லையெல்லாம் இங்கேதான். வேர்டில் வழக்கமாக மூன்று வரி நகரும், வரைவு மென்பொருளான ஒட்டோகாட்டில் வரைபடம் பெருத்துச் சிறுக்கும். யாழ்ப்பாணத்துப் பழைய இதழ்களை 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தில் பீடிஎஃப் ஆகப் படிப்பவர், தனிப்பக்கக் காட்சியில் சில்லை உருட்டப் பக்கம் தாவுவதைப் பழுதென எண்ணுவார். தொடர்காட்சிக்கு மாற்றினால் சரி.

ஒரே மென்பொருளில் மட்டும் கோளாறு என்றால் அதன் அமைப்பைப் பார்க்கவேண்டும். ஒட்டோகாட்டில் சில்லை அழுத்தி வரைபடத்தை நகர்த்த முடியாவிட்டால் எம்பட்டன்பான் (MBUTTONPAN) மாறியின் மதிப்பு 1ஆக இருக்கவேண்டும். எங்கும் உருட்டும்போது எழுத்துப் பெருத்துச் சிறுத்தால் கன்ட்ரோல் விசை சிக்கியிருக்கலாம். எல்லாவற்றிலும் முன்பின்னாகத் துள்ளினால், மென்பொருளை நோவதில் பயனில்லை: பெரும்பாலும் சில்லின் அடியில் தூசி, அல்லது தேய்மானம்.