எழுத்தில் நடந்த பூனை

கணிப்பொறி வரைந்த அசைவுப் படங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்தே தொடங்குவர். அங்கு ஆய்வு மாணவராயிருந்த எட் கேட்மல், தம் இடக்கையைச் சுண்ணச்சாந்தில் வார்த்தெடுத்து, அதன்மேல் ஏறத்தாழ 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, அவற்றின் முனைகளை அளந்து கணிப்பொறிக்கு ஊட்டினார். 1972-இல் அக்கை திரையில் விரல்களை மடக்கி நிமிர்த்தியது. 1976-இல் ‘ஃப்யூச்சர்வேர்ல்ட்’ என்னும் திரைப்படத்தில் இடம்பெற்றது. 2011-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. கேட்மல் பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தின் தலைவரானார்.

இப்புகழ் தகுதியானதே. எனினும் அதற்கு நான்காண்டு முன்னரே, 1968-இல், சோவியத் நாட்டில் ஒரு பூனை நடந்துவிட்டது. கவிஞர்கள் படிக்கும் இம்மலரில் அதைப் பேசக் காரணம் உண்டு. அந்தப் பூனை எழுத்தால் ஆனது.

நிக்கலாய் கான்ஸ்தந்தீனவ் என்னும் கணித அறிஞரின் குழுவினர் பெஸ்ம்-4 கணிப்பொறியைக் கொண்டு இதைச் செய்தனர். படங்களைத் தாளில் பதிக்க அவர்கள் கையாண்டது எழுத்தும் எண்ணும் அச்சிடும் பொறி. ரஷ்ய நெடுங்கணக்கில் ‘ஷ’ ஒலிக்குரிய எழுத்தையே புள்ளியாகக் கொண்டனர். மூன்று செங்கோடுகள், அடியில் ஒரு கிடைக்கோடு. அவ்வளவுதான் அதன் வடிவம். அவ்வெழுத்தை நெருக்கி அடுக்கியபோது காதும் முதுகும் வாலும் தோன்றின. அச்சான தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படம்பிடித்துச் சுருளாக்கினர். படத்தின் பெயர் ‘கோஷெச்கா’, பூனையைச் செல்லமாக அழைக்கும் சொல். அப்பெயரின் நடுவிலும் அதே எழுத்து அமர்ந்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம். எனக்கென்னவோ அதைக் கடந்து போக மனம் வரவில்லை.

எழுத்து வெறும் பொருள்தான். உயிர் அசைவில் இருந்தது. கால் இன்ன இடத்தில், வால் இன்ன இடத்தில் என்று ஒவ்வொரு படமாக எவரும் வரைந்து கொடுக்கவில்லை. பூனையின் உடலசைவை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினர். அவற்றின் விடையே ஒவ்வொரு படத்திலும் பூனையின் நிலையாயிற்று. அச்சமன்பாடுகளைக் காண்பதற்காக, குழுவிலிருந்த விக்தர் மினாகின் தாமே கைகளையும் ஊன்றித் தவழ்ந்து, எந்தத் தசை எப்போது இறுகுகிறது என்று கவனித்தாராம். தாளில் நடந்தது பூனையானாலும், அதற்கு நடை தந்தது ஒரு மனித உடல்.

யூட்டாவின் கை புறவடிவத்தை அளந்து பெற்றது; இப்பூனையோ நடையின் விதியை அறிந்து பெற்றது. காலுக்கும் எழுத்துக்கும் ‘நடை’ என்ற ஒரே சொல்லை வழங்கும் தமிழருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அழகில் கையே விஞ்சும். ஆனால் முன்னோடி என்ற பெயரில் பூனைக்கும் பங்கு உண்டு என்பதே என் வழக்கு.

1974-இல் இம்முயற்சி ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. கான்ஸ்தந்தீனவ் பள்ளி மாணவர்களுக்கான கணித வட்டங்களிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1980-இல் தொடங்கிய ‘நகரங்களின் போட்டி’ என்னும் கணிதப் போட்டி அவர் முயற்சியால் எழுந்தது. 2021-இல் அவர் மறைந்தார்.