பற்சீராக்க வைத்தியமும் நிழற்படச் சான்றும்

பல்வரிசையைத் திருத்தும் வைத்தியம் மெல்ல நிகழ்வது. ஈராண்டளவு நீளும் சிகிச்சையின் முடிவில் தொடக்கத் தோற்றத்தை வைத்தியரும் மறப்பர், நோயாளியும் மறப்பர். பற்களின் நிலையைச் சாந்து அச்சுக்கள் காக்கும். உதடு, மோவாய், முறுவல் ஆகியவற்றின் தோற்றத்தை அவை காட்டா. 1839ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் தாகேரின் முறை வெளியிடப்பட்டபின் வளர்ந்த நிழற்படக் கலையே அக்குறையை நிரப்பியது.

இக்கலை ஒரு பெரும் வழக்கிற் சான்றாக நின்ற வரலாறு அறியத்தக்கது. 1899இல் பற்பொருத்தக் குறைகளை வகைப்படுத்திய அமெரிக்க அறிஞர் எட்வேட் ஏங்கிள், பல் யாதொன்றும் பிடுங்கப்படலாகாது என்றும், முழுப் பல்வரிசையே முகத்துக்கு அழகு தரும் என்றும் கொண்டார். சிலருக்கு முகப்பொலிவின் பொருட்டே பல் பிடுங்குதல் வேண்டும் என்றார் கல்வின் கேஸ். 1911இல் இவ்வாதம் முற்றியது. எனினும் அமெரிக்காவில் ஏங்கிளின் கொள்கையே நெடுங்காலம் ஓங்கி நின்றது.

அக்கொள்கையை அசைத்தவர் ஏங்கிளின் மாணாக்கராகிய சாள்ஸ் ருவீட் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அரிசோனாவில் ஆசிரியர் வழியே நின்று தொழில் புரிந்த அவர், தாம் சிகிச்சை செய்தோருட் பலரின் வாய் முன்தள்ளி நிற்பதையும் பற்கள் பழைய நிலைக்கு மீள்வதையும் கண்டார். முன்கடைவாய்ப் பற்கள் நான்கை நீக்கி அன்னோருக்கு மீண்டும் சிகிச்சை செய்தார். இவ்வாறு இருமுறை சிகிச்சை பெற்ற 100 பேரின் அச்சுக்களையும் நிழற்படங்களையும் 1940இல் அறிஞர்முன் வைத்தார். சொல்லாற் தீராத வாதம் கண்ணாற் கண்டபின் திசை திரும்பிற்று.

ஆயினும் நிழற்படமும் பொய்யுரைக்க வல்லது. தலையைச் சிறிது நிமிர்த்தினால் உள்வாங்கிய மோவாய் மறையும். கருவியை மிக அணுக்கமாக வைத்தால் மூக்குப் பருத்துத் தோன்றும். ஆகவே தலைநிலை, தூரம், ஒளி ஆகிய மூன்றும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒத்திருத்தல் வேண்டும். மானிடவியலார் வகுத்த பிராங்போட் தளம் தலைநிலைக்கு அளவுகோலாயிற்று. 1931இல் அமெரிக்காவிற் புரோட்பென்ற், ஜேர்மனியில் ஹொவ்றாத் ஆகியோர் எக்ஸ் கதிர் கொண்டு தலையெலும்பை அளக்கும் முறையை வெளியிட்டனர். எனினும் முறுவலைக் காட்ட நிழற்படமே இன்றும் வேண்டப்படுகின்றது. கன்னம் விலக்கியும் கண்ணாடியும் கொண்டு வாயினுள்ளே ஐந்து கோணங்களிற் படமெடுத்தல் இக்கால வழக்கு. முகம் ஆளைக் காட்டிக்கொடுப்பதாதலின், நோயாளியின் இசைவின்றி அதனைப் பிறர்க்குக் காட்டல் தகாது.

ஆசிரியர் கொள்கையை மாணாக்கர் மறுத்தது பகைமையாலன்று. சான்றைப் பேணி, அதன் தீர்ப்புக்குத் தம்மை ஒப்புவித்தமையாலாம். வரலாறு பயில்வோர்க்கும் இதுவே நெறி.